சத்தம் முதலில் வரும், அண்ணன் பின்னால் வருவான்

தாமு அண்ணா, உன் மைக் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. மேலே மாட்டியிருந்த கறுப்புப் பஞ்சு கிழிந்துவிட்டது. புதிதாக வாங்கி மாட்டினேன். சிவப்புதான் கிடைத்தது. நீ இருந்திருந்தால், "இன்னா பாப்பா, மைக்குக்கு லிப்ஸ்டிக் போட்டு உட்டியா?" என்று லைவிலேயே என் மானத்தை வாங்கியிருப்பாய்.

அழுவதற்காக இதை எழுதவில்லை. வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். புதிதாக லைவ் சேனல் ஆரம்பிக்கிற தம்பி தங்கைகள் தினமும் மெசேஜ் போடுகிறார்கள். "அக்கா, என்ன ஆப் வச்சிருக்கீங்க, என்ன டிரைபாட், ஆள் எப்படி சேந்தாங்க?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவள். பகலில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மொபைல் கடையில் டெம்பர் கிளாஸ் ஒட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை லைவ். எழுத்தில் பிழை இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1. கேமில் முதலில் சாகிற ஆள்

எங்கள் சேனல் கிரிக்கெட்டில் ஆரம்பிக்கவில்லை. மொபைல் கேமில்தான் ஆரம்பித்தது. நான்கு பேர் சேர்ந்து ஒரு தீவில் இறங்கி, துப்பாக்கி தேடி எடுத்து, மற்றவர்களைச் சுட்டுக்கொண்டே போகிற கேம். தாமு அண்ணன் மொட்டை மாடியில் உட்கார்ந்து அதை லைவ் போடுவான். முதல் நாள் பார்த்தது இரண்டே பேர். ஒன்று என் போன். இன்னொன்று அம்மாவின் போன், அதையும் நான்தான் ஆன் செய்து வைத்திருந்தேன்.

அவன் கேம் ஆடுவதில் ரொம்ப மோசம். சாட்டில் யாராவது வந்து ஹாய் என்று போட்டால் போதும், துப்பாக்கியை மறந்துவிடுவான். கூட ஆடுகிறவர்கள் கத்துவார்கள்.

"டேய் தாமு, மொதல்ல எதிரிய சுடுடா! அப்புறம் குசலம் விசாரிக்கலாம்!"

"இருடா, ஆம்பூர் தம்பிக்கு இன்னைக்கு பரீட்சை. எப்புடி எழுதுனான்னு கேட்டுக்கினு இருக்குறேன்."

அவன் கேட்டு முடிப்பதற்குள் யாராவது சுட்டுவிடுவார்கள். தரையில் விழுந்து கிடந்துகொண்டே, "பாத்தியா தம்பி, உனக்கோசரம் செத்துட்டேன். பாஸ் ஆவலைன்னா நடக்குறதே வேற" என்பான்.

இதைப் பார்க்கவே ஆள் வர ஆரம்பித்தது. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஹாஸ்டல் பையன்கள் ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் வந்து, "தாமு இன்னும் சாவலையா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நன்றாக ஆடுகிறவர்களின் சேனல்கள் ஆயிரம் இருக்கின்றன. பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்கிற சேனல் எங்களுடையது மட்டும்தான்.

அப்போது அது எல்லாம் சிரிப்பு. இப்போது அந்தப் பழைய வீடியோக்களில் "தாமு செத்துட்டான் ஹாஹா" என்று வரிசையாக இருப்பதைப் பார்த்தால் போனைக் குப்புற வைத்துவிடுகிறேன். ஆனாலும் ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை. போட்டவர்கள் எல்லாரும் அன்பாகத்தான் போட்டார்கள்.

2. நல்ல ஷாட்டுன்னா எங்க போச்சு?

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு திடல் இருக்கிறது. ஒரு ஓரத்தில் புளியமரம், எதிர் ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடத்துகிறவர் பாபு அண்ணன். திடலுக்குப் பக்கத்தில் பிரசவ ஆஸ்பத்திரி இருப்பதால் அங்கே ஸ்பீக்கர் கட்டக் கூடாது. அதனால் பாபு அண்ணன் எங்களிடம் வந்தார்.

"தாமு, நீ கேம்ல பேசுறத இங்க வந்து பேசு. ஸ்பீக்கர் வேணாம், லைவ்ல போடு. பாக்குறவன் பாக்கட்டும்."

கேமராவும் ஸ்கோர் ஆப்பும் என் பொறுப்பு. மைக் அவன் பொறுப்பு. முதல் மேட்சில் அவன் அதிகம் பேசவில்லை. படம்தான் தெரிகிறதே என்று, "சூப்பர் ஷாட்", "அருமை", "என்ன ஒரு பந்து" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். நானும் படம் சுத்தமாக வந்திருக்கிறது என்ற பெருமையில் அவனோடு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா குழித்தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போன் குப்புறக் கிடந்தது.

"இன்னாடா பேசுற நீ? நல்ல ஷாட்டு நல்ல ஷாட்டுன்ற. எங்க போச்சுன்னு ஒருவாட்டி கூட சொல்லலையே."

"படத்துல தெரியுதே மா" என்றான் அண்ணன்.

"படத்த யார் பாத்தா? நான் போனப் பாத்தா பொடவைய யார் பாக்குறது?"

அவள் கேட்டது நியாயம்தான். தறியில் உட்கார்ந்தால் கண் புடவையில், கை நூல் ஓட்டுகிற நாடாவில், கால் குழிக்குள் இருக்கிற மிதிகட்டையில். போனைப் பார்க்க எதுவும் மிச்சம் இல்லை. காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. எங்கள் தெருவில் பாதி வீட்டில் தறி. எங்கள் லைவை அதிகமாகப் போட்டு வைத்திருந்தவர்கள் அதை ஒருமுறைகூட பார்த்ததில்லை. கேட்டார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து அண்ணன் மாறிவிட்டான். "பந்து புளியமரத்துப் பக்கம் போவுது, தரையோட தரையா, செவிலிமேட்டு ஆளு ஓடுறான், ஐயோ லுங்கி தடுக்குது, உட்டுட்டான், நாலு!" என்று மூச்சு விடாமல் சொன்னான். கண்ணை மூடிக்கொண்டாலும் மேட்ச் தெரிந்தது.

இங்கே ஒரு விஷயம். லைவ் என்று பெயர்தான், ஆனால் போனுக்கு வந்து சேர அரை நிமிஷம் தாமதம் ஆகும். தெருவுக்கும் திடலுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அதனால் திடலில் கூட்டம் கத்துவது தெருவில் முதலில் கேட்கும். என்ன நடந்தது என்று அண்ணன் சொல்வது அப்புறம்தான் போனில் வரும். நான் இதைக் குறை என்று நினைத்து நெட் பேக்கை மாற்றிப் பார்த்தேன், செட்டிங்கை மாற்றிப் பார்த்தேன். எதிர் வீட்டு முனுசாமி மாமா ஓடி வந்தார்.

"ஏய் பாப்பா, அத மட்டும் சரி பண்ணிடாத!"

மாமாவும் ராணி அத்தையும் எதிரெதிரே இரண்டு தறியில் நெய்கிறவர்கள். திடலில் சத்தம் கேட்டதும் மாமா "அவுட்டு!" என்பார், அத்தை "சிக்ஸு!" என்பார். அரை நிமிஷம் கழித்து அண்ணன் குரலில் தீர்ப்பு வரும். தோற்றவர் எழுந்து போய் டீ போட வேண்டும்.

"சத்தம் மொதல்ல வரும், உங்க அண்ணன் பின்னால வருவான். நடுவுல கெடைக்கிற அந்த நேரந்தான் பாப்பா எங்களுக்கு மேட்சே" என்றார் மாமா.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "அவருக்கு ஒரு நாளும் சரியா சொல்ல வரல. எனக்கு டீ குடிச்சு குடிச்சு பித்தம்தான் ஏறுது!"

பிறகு தெருவில் எல்லா வீடும் இதையே ஆட ஆரம்பித்தது. இப்படி ஒரு ஆட்டத்தை நாங்கள் யோசித்துச் செய்யவில்லை. ஆள் சேர்ந்தது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். நாங்கள் கோளாறு என்று நினைத்ததை வைத்து அவர்கள் விளையாடினார்கள். நாங்கள் கையை வைக்காமல் விட்டோம்.

3. ரங்கா பவுண்டரியில் தன்னையே பார்த்தது

ரங்கா சின்ன காஞ்சிபுரம் டீம், கோயில் அர்ச்சகர் மகன். குடுமியை இறுக்கி முடிந்துகொண்டு ஸ்பின் போடுவான். ஒருநாள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று பாய்ந்து ஒரு கேட்ச் பிடித்தான். அண்ணன் மைக்கில், "ரங்கா இல்லடா அது, கருடன்!" என்று கத்தினான். உடனே ரங்கா இடுப்பிலிருந்து போனை எடுத்து, ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டான். அரை நிமிஷம் கழித்து தன் கேட்ச் வருமல்லவா, அதைப் பார்க்க.

அதற்குள் அடுத்த பந்து. நேராக அவனிடம். காலைத் தொட்டுக்கொண்டு பவுண்டரிக்குப் போனது. அவன் நிமிரவே இல்லை. போனில் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ரங்கா, போன உள்ள வை! பந்து உன் பின்னாடி கெடக்குது!" என்று அண்ணன் சொன்னான். அதுவும் ரங்காவின் காதுக்கு அரை நிமிஷம் கழித்துத்தான் போனது. அப்போதுதான் திடுக்கிட்டுத் திரும்பி, ஓவர் முடிந்து எல்லாரும் இடம் மாறிவிட்ட நேரத்தில், இல்லாத பந்தைத் தேடினான். நான் சிரித்த சிரிப்பில் டிரைபாட் சாய்ந்துவிட்டது.

மேட்ச் முடிந்து அவன் சண்டைக்கு வந்தான்.

"ஏன்டா தாமு, ஊருக்கே சொல்லணுமா? எங்க அப்பா பார்த்துண்டிருக்கார்டா!"

"அப்பாவா? கோயில்ல இருந்தா பாக்குறாரு?"

"ஆத்துலதான். கேட்ச் பிடிச்சதுக்கு ஒரு வார்த்தை இல்லை. போனை நோண்டினதுக்கு மட்டும் போன் பண்ணித் திட்டறார்."

"நீ போன எடுக்காத இருந்தா எப்புடிடா திட்டுவாரு?" என்றான் அண்ணன். ரங்காவே சிரித்துவிட்டான். அன்றிலிருந்து பாபு அண்ணன் ஒரு விதி போட்டார். ஃபீல்டிங்கில் நிற்கிறவர்களின் போன் எல்லாம் என் பையில்.

4. சத்தம் மட்டும் வந்த நாள்

அண்ணன் வந்தவாசி ரோட்டில் வண்டியில் போனான். திரும்பி வரவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

காரியம் முடிந்த பிறகு பாபு அண்ணன் வந்து வாசலிலேயே நின்றார்.

"பாப்பா, நின்னுபோன செமி பைனல் இருக்குது. நடத்தவா, வேணாமா? வேற ஆள கூட்டாந்து பேச வைக்கட்டுமா?"

"நடத்துங்கண்ணா. லைவ் நான் போடுறேன். யாரும் பேச வேணாம். இதோட சேனல மூடிடுறேன்."

செவிலிமேட்டுக்கும் திருப்பருத்திக்குன்றத்துக்கும் மேட்ச். திரையின் மூலையில் அண்ணனின் போட்டோ. கமென்ட்ரி இல்லை. மைக்கையும் ஆஃப் செய்துவிட்டேன். அவன் இடத்தில் வேறு குரல் வரக் கூடாது, அதுதான் மரியாதை என்று நினைத்தேன். கிளம்பும்போது அம்மா முதல்முறையாக மறுபடியும் தறிக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தாள். "போன வச்சிட்டுப் போ" என்று மட்டும் சொன்னாள். அவள் போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

சாட்டில் கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன. இதுவரை இல்லாத கூட்டம். ஹாஸ்டல் பையன்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று தோன்றியது.

மூன்றாவது ஓவரில் ஒரு பெரிய சத்தம். கொஞ்ச நேரத்தில் முனுசாமி மாமா திடலுக்குள் வேகமாக வந்தார். பனியன், மடித்துக் கட்டிய லுங்கி. தறியை விட்டு அப்படியே எழுந்து வந்திருக்கிறார்.

"இன்னா பாப்பா, போன் கெட்டுப்போச்சா?"

"இல்ல மாமா. அண்ணனுக்கு மரியாதையா, பேசாம போட்டிருக்கோம்."

"பேசாம போட்டா எனக்கு இன்னா தெரியும்? சத்தம் கேட்டுச்சு. நான் அவுட்டுன்னேன், உங்க அத்தை நாலுன்னா. ஒக்காந்துக்கினே இருக்குறோம், ஒண்ணும் வரல." அவர் தெருப் பக்கம் கையைக் காட்டினார். "தெருவுல எல்லா தறியும் நின்னுக்கினு இருக்குது பாப்பா. சத்தம் வருது, அவன் வரலியே."

எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. குழிக்குள் உட்கார்ந்து அவளும் காத்துக்கொண்டுதான் இருப்பாள். போட்டோ வைத்தேன், கும்பிடும் கைகள் வந்தன, எல்லாமே பார்க்கிறவர்களுக்கு. அவன் யாருக்காகத் தொண்டை கட்டக் கட்டப் பேசினானோ அவர்களுக்கு நான் ஒன்றுமே போடவில்லை.

மைக்கை ஆன் செய்தேன். "வணக்கம்" என்றேன்.

"வணக்கம்லாம் வேணாம்மா" என்றார் மாமா. "பந்து எங்க போச்சு?"

"புளியமரத்துப் பக்கம்."

"மேலயா, தரையிலயா?"

"தரையில. ரெண்டு பேர் ஓடுறாங்க. ஒருத்தன் எடுத்துட்டான். தூக்கி எறியுறான். ரெண்டு ரன்."

"ம். இப்புடியே சொல்லிக்கினு இரு. நான் வூட்டுக்கு போய் கேக்குறேன்." மாமா லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். குரல் கிறீச்சென்று இருந்தது. ஸ்ட்ரைக்கரையும் ரன்னரையும் மாற்றிச் சொன்னேன். பவுண்டரி லைனில் ஒருவன், "பாப்பா, தாமுவுக்கு மேல கத்துறியே!" என்றான். "காசா பணமா, கத்துறேன் போ" என்றேன். அதுவும் லைவில் போய்விட்டது. செவிலிமேட்டு கேப்டனுக்கு ஸ்டம்ப் பறந்தபோது கூட்டம் கத்தியது. அரை நிமிஷம் கழித்து என் குரல் தெருவுக்குப் போயிருக்கும். அப்புறம் ராணி அத்தையின் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"பாப்பா, அவரு சிக்ஸுன்னாரு. தோத்துட்டாரு. டீ போட்டுக்கினு இருக்குறாரு. உங்க அம்மாவுக்கும் சேத்துதான்."

வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்குப் பக்கத்தில் காலி டம்ளர். தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ரொம்ப வேகமா பேசுற. அவன மாரி பேச பாக்காத, உனக்கு வராது." நாடா ஒருமுறை போய் வந்தது. "அந்த கடைசி ஓவர்ல தொட்டிப் பக்கம் போச்சே ஒண்ணு, அது நாலா ஆறா? சரியாவே சொல்லல நீ."

"ஆறு மா."

"அப்பன்னா நான் சொன்னதுதான் சரி. அடுத்த வாரம் ஒழுங்கா சொல்லு."

5. கேட்டவர்களுக்கு

சேனலை மூடவில்லை. ஆப், டிரைபாட் எல்லாம் கடையில் கிடைக்கும், வந்தால் நானே காட்டுகிறேன். நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். திரையில் தெரிகிற எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். உங்கள் லைவைப் போட்டுவிட்டு, போனைக் குப்புற வைத்துவிட்டு, வேலை செய்துகொண்டே கேட்கிறவர் எங்கோ ஒருவர் இருப்பார். அவர் லைக் போட மாட்டார், கை ஒழியாது. அவருக்குப் பந்து எங்கே போனது என்று சொல்லுங்கள்.

லைவ் முடியும்போது தாமு அண்ணன் எப்போதும் லைக் கேட்பான், ஷேர் கேட்பான். நான் இன்று அது இரண்டும் கேட்கவில்லை. இதைப் படித்த நீங்கள் கோயிலுக்குப் போகிறவராக இருந்தாலும், பள்ளிவாசலுக்கோ சர்ச்சுக்கோ போகிறவராக இருந்தாலும், எங்கும் போகாமல் இருந்த இடத்திலேயே நினைத்துக்கொள்கிறவராக இருந்தாலும் சரி, உங்கள் சாமியிடம் ஒருமுறை எங்கள் அண்ணன் பேரைச் சொல்லுங்கள். தாமோதரன். தாமு என்று சொன்னாலும் போதும். அவன் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.