நான்கு புள்ளடிகள்

பள்ளிக்கூட வெண்கட்டியால் போட்ட புள்ளடி, விரல் நீளம்கூட இராது. ஈரம் காய்ந்து சாம்பல் நிறமாகிப்போன பலகையின் நடுவில், தேர்தலில் வாக்களித்ததுபோல ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கோடுகள். அதைப் போட்ட கை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நகக்கண்களில் எண்ணெய்ச் சாயம் ஊறிய, அவசரப்படாத கை. அந்தக் கையை முதல் நாளிலிருந்தே நான் நம்பவில்லை.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு குளத்தங்கரை விருந்தினர் விடுதிக்கு நான் பொறுப்பாக இருக்கிறேன். முதலாளி கனடாவில். தண்ணீருக்கு மேலே நீட்டி அவர் போடுவித்த மரத்தளத்தை எல்லோரும் ‘டெக்’ என்றே சொல்வோம். மூன்று வருடங்களுக்கு முன்னர், ஒரு மாரி முடிந்தபோது அது பாசி பிடித்துக் கறுத்து வழுக்கியது. மாலைதீவு ஹோட்டல்களில் இதே வேலையைப் பல வருடம் செய்த ஒருவர் துணுக்காயில் இருக்கிறார் என்று முதலாளி தேடிப்பிடித்து அனுப்பினார். இங்கே தச்சுவேலை செய்பவர்களை பாஸ் என்றுதான் கூப்பிடுவது. அவர் டெக் பாஸ் ஆனார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர்.

மோட்டர் பூட்டித் தண்ணீரைப் பீச்சியடித்தால் அரை நாளில் முடியுமே என்றேன். மரத்தின் நார் கிளம்பிவிடும் என்று சொல்லி, மென்மையான தூரிகையால் பலகை பலகையாகத் தேய்த்தார். பிறகு இரண்டு நாள் காயவிட வேண்டும் என்றார். வேலையை இழுக்கிறார் என்று நினைத்தேன். காய்ந்த பின் முழங்கால் தண்ணீரில் இறங்கி, தளத்துக்குக் கீழே மல்லாந்து, திருப்புளியால் குத்திக் குத்திப் பார்த்தார். மேலே ஏறி வந்து புள்ளடி போடத் தொடங்கினார். கறுத்துப்போயிருந்த பலகைகளை விட்டுவிட்டு, பார்வைக்கு நல்லதாய் இருந்தவற்றில்.

“என்ன தம்பி, கறுத்ததை விட்டிட்டு நல்லதுக்குப் புள்ளடி போடுறியள்?”

“கறுப்பு வெறும் ஊத்தை அக்கா, போயிடும். இதுகள் கீழயிருந்து உக்கினது. ஒருக்கா இறங்கி வந்து பாருங்கோவன்.”

நான் இறங்கவில்லை. அவருடைய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வேறெங்கோ கழற்றிய பலகைகள் கிடந்ததை அன்று காலையிலேயே கண்டிருந்தேன். பாதிக்கு மேல் நல்ல மரம். யாருக்கு என்று கேட்டதற்கு, “ஆட்டுக்கொட்டிலுக்கு. உக்கினதை வெட்டி எறிஞ்சுபோட்டு மிச்சத்தை அடிச்சா ஆடு ஒண்டும் முறைப்பாடு வைக்காது” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் போதுமாக இருந்தது. எங்கள் டெக்கும் அந்தக் கொட்டிலுக்குப் போகப்போகிறது என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் புதுப் பலகை எடுக்க அவர் வவுனியாவுக்குப் போனார். நான் புள்ளடிகளைப் போனில் படம் பிடித்தேன். பிறகு ஈரத்துணியால், ஆகத் திறமாகத் தெரிந்த நான்கு பலகைகளின் புள்ளடிகளைத் துடைத்தேன். விடைத்தாளை இரண்டாம் முறை திருத்தக் கொடுப்பதுபோல ஒரு சோதனை அது. ஒரு காலத்தில் ஆசிரியையாக இருந்தவளின் புத்தி. உண்மையாக உக்கியிருந்தால் திரும்பி வந்து அதே நான்கிலும் போடட்டும், பார்ப்போம்.

அன்று பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு மகள் நேரே விடுதிக்கு வந்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. காற்று வருகிற தள நுனியில் இருந்து படிப்பது அவள் வழக்கம். “புள்ளடி உள்ளதில கால் வையாதை பிள்ளை, மற்றதில பயப்பிடாமல் நட” என்று பாஸ் அவளுக்கு முதல் நாளே சொல்லியிருந்தார். நான் விருந்தினர் அறைகளில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். பலகை முறிந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவள் கத்தியதுதான் கேட்டது. தொடை வரைக்கும் உள்ளே போயிருந்தாள். ஆணி கெண்டைக்காலை நீளமாகக் கிழித்திருந்தது. நான் தூக்கும்போது அழுகையினூடே ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“அதில புள்ளடி இல்லை அம்மா. நான் பாத்துத்தான் வைச்சனான்.”

போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில், கண்ணிவெடி எடுப்பவர்கள் நட்ட சிவப்புத் தடிகளைத் தொடவே கூடாது என்று வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆஸ்பத்திரியில் தையல் போடும்வரை வெளியே நின்றபோது அதுதான் திரும்பத் திரும்ப மனதில் வந்தது.

அடுத்த நாள் மத்தியானம் பாஸ் பலகைகளோடு வந்தார். முறிந்த இரண்டு துண்டையும் பொருத்திப் பிடித்து, குனிந்து பார்த்தார். மரத்தின் வரிகளுக்குள் கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருந்தது. பெருவிரலால் தேய்த்து, விரலைப் பார்த்து, என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து வெண்கட்டியை எடுத்து, நான் துடைத்திருந்த மற்ற மூன்றிலும் திரும்பப் புள்ளடி போட்டார். போனில் இருந்த படத்தை நான் எடுத்துப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை.

மகள் விழுந்ததைக் கேள்விப்பட்ட முதலாளி கனடாவிலிருந்து போன் ஸ்பீக்கரில் கத்தினார். “உக்கின பலகையில அடையாளம் போடாமல் என்ன கிழிச்சனீர்?” பாஸ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மகளுக்கு டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டை மடித்தேன், விரித்தேன், மறுபடி மடித்தேன். “சரி சேர்” என்று சொல்லிவிட்டு அவர் தூரிகைகளைக் கழுவி அடுக்கிக்கொண்டு போனார். முதலாளி தனக்குத் தெரிந்த விடுதிக்காரர்கள் எல்லோருக்கும் சொன்னார். அதன்பின் இந்தப் பக்கத்து விடுதிகள் எதுவும் அவரைக் கூப்பிடவில்லை.

அவர் ஏன் சொல்லவில்லை? இரக்கம் என்று என்னால் நம்ப முடியவில்லை. சமயம் பார்த்து வெளியே விடுவார், எதையாவது கேட்பார் என்று மாதக்கணக்கில் ஒவ்வொரு போன் மணிக்கும் திடுக்கிட்டேன். அவர் ஒருநாளும் அழைக்கவேயில்லை. அதையும் சந்தேகித்தேன்.

மகளுக்கு இப்போது பதினைந்து. சீமெந்துத் தரையில்கூடப் பெருவிரலால் ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் முழுக்காலையும் வைக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை விடுதியில் புதிய பாஸ் ஒருவர் டெக்கை உரஞ்சிக்கொண்டிருந்தார். “அடையாளம் இல்லாததில நடக்கலாம் தங்கச்சி” என்றார்.

“முந்தின பாஸும் உப்பிடித்தான் சொன்னவர். சரியான பொய்யன்” என்றாள் மகள்.

அந்தச் சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. அவளைக் குசினிக்குள், அடுப்படிப் பக்கம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அவருக்குத் தெரியுமோ?”

“ஓம்.”

“அப்ப நீங்கள் இவ்வளவு நாளும் அவரோட கதைக்கேல்லையோ?”

அவள் பார்த்துக்கொண்டு நிற்கவே இலக்கத்தைத் தேடி எடுத்தேன். மூன்றாவது மணியில் எடுத்தார். நான் யாரென்று சொன்னதும், “பிள்ளையின்ர கால் எப்பிடி அக்கா?” என்றார். அதற்குள்ளும் ஏதாவது குத்தல் இருக்கிறதா என்று ஒரு கணம் தேடினேன். வெட்கமாக இருந்தது.

“தம்பி, அந்தப் புள்ளடியை அழிச்சது நான்தான்.”

“எனக்குத் தெரிஞ்சதை எனக்கு ஏன் அக்கா சொல்லுறியள்?” குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. “முதலாளியிட்டச் சொல்லுங்கோ.”

போனை வைத்துவிட்டார். நாளைக்குச் சொல்லலாம், விடுதியில் ஆட்கள் குறைந்த பிறகு சொல்லலாம் என்று மனம் ஓடத் தொடங்கியது. என் வேலை போய்விடும் என்பதும் தெரிந்தது. மகள் என் கையிலிருந்து போனை வாங்கி, முதலாளியின் இலக்கத்தை அழுத்தி, மணி அடிக்கத் தொடங்கியதும் திருப்பித் தந்தாள்.