முகூர்த்த நேரத்தில் ஓடிய வெந்நீர்

ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் சிவதாணுவுக்குப் பொறுக்காது. வெளியே கிளம்பி வாசல் தாண்டியவர், அடுக்களையில் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பி வருவார். குழாய் சொட்டினாலும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் மனைவி பொன்னம்மை இதற்காக அவரிடம் வாங்காத ஏச்சு இல்லை. வருஷங்கள் போகப் போக அவளும் அவரைப் போலவே ஆகிவிட்டாள். விருந்துக்குப் போன வீட்டிலும் குழாயை இறுக்கி அடைத்துவிட்டுத்தான் உட்காருவாள்.

சாலைக் கடைத்தெருவில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் வெகுகாலம் வேலை பார்த்த சிவதாணு, அந்தக் கடையை மூடியபின் கரமனையில் தம் சமூகத்தாரின் கல்யாண மண்டபத்துக்கு மேனேஜராக வந்தார். மேனேஜர் என்றால் பூட்டுவது, திறப்பது, தண்ணீர் ஏற்றுவது, சண்டை தீர்ப்பது எல்லாம்தான். 2009-ல், ஜெர்மனியில் வேலை பார்க்கும் உறுப்பினர் ஒருவர் மண்டபத்துக்குச் சோலார் தகடுகள் நன்கொடையாகத் தருகிறேன் என்றார். பேட்டரி வேண்டாம் என்று கமிட்டியில் எழுந்து சொன்னது சிவதாணுதான்.

"கல்யாணம் நடக்கது பகல்ல. பகல்ல வெயில் இருக்கு. அப்புறம் பேட்டரி எதுக்கு? அதுக்குத் தண்ணி ஊத்தணும், சில வருஷத்துல தூக்கிப் போட்டு வேற வாங்கணும். ஒரு சின்ன ஜெனரேட்டர் போதும்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர், தானாகத் தனியே ஓடாது. சாய்ந்துகொள்ள இன்னொரு மின்சாரம் வேண்டும். லைனில் கரண்ட் போனால், உச்சி வெயிலிலும் தகடுகள் சும்மா கிடக்கும். ஜெனரேட்டரைப் போட்டால் ஐந்து நிமிஷம் அதை நோட்டம் பார்த்துவிட்டுத்தான் இன்வெர்ட்டர் வந்து சேர்ந்துகொள்ளும். சேர்ந்தபிறகு பாதிப் பாரத்தை வெயில் சுமக்கும், டீசல் மிஞ்சும். அதை நம்பித்தான் கமிட்டி சின்ன ஜெனரேட்டராக வாங்கியது.

அடுத்து நடந்த பெரிய கல்யாணத்தன்று காலையிலேயே கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது, இன்வெர்ட்டர் சேர்ந்தது. சிவதாணு மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். மேடையில் ஹோமம் வளர்த்த புரோகிதர், தீ அலைகிறது என்று, "ஃபேனை நிறுத்துங்கோ" என்றார்.

நம் கல்யாணங்களில் இப்படிச் சொன்னால் ஒருவர் எழுந்து போகமாட்டார். ஐந்தாறு பேர் சுவிட்ச் போர்டுக்கு ஓடுவார்கள், கைக்கு அகப்பட்டதையெல்லாம் அணைப்பார்கள். மண்டபத்தின் அத்தனை ஃபேனும் நின்றது. அது வெயிலுக்குத் தெரியாதே. அது கொடுப்பதைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. செலவாகாத மின்சாரம் ஜெனரேட்டருக்குள் புகுந்து அதைத் தள்ளியது. எஞ்சின் கெட்டுவிடாமல் இருக்க வைத்திருந்த கருவி எல்லாவற்றையும் துண்டித்துவிட்டது. மைக் செத்தது. வீடியோக்காரரின் விளக்கு செத்தது. அரை இருட்டில் தாலி கட்டினார்கள்.

"அண்ணாச்சி, கரண்ட் குறைஞ்சு நின்னா எனக்குச் செரியாக்கத் தெரியும். கூடிப்போய் நிக்கது இதுதான் ஆத்யம், இதுக்கு முன்ன கண்டதில்ல" என்றார் ஜெனரேட்டர் மெக்கானிக் தங்கப்பன். "சூரியனுக்கு ஒரு சுவிட்ச் வாங்கிட்டு வாங்க, நான் மாட்டித் தாரேன்."

மேடைக்கு மேலுள்ள ஃபேன்களை மட்டும் நிறுத்தவும் என்று சிவதாணு எழுதி ஒட்டினார். அடுத்த கல்யாணத்தில் அலங்காரக்காரன் அதன்மேலேயே பூச்சரத்தைக் கட்டினான். அன்றும் கரண்ட் இல்லை. புரோகிதர் ஃபேனை நிறுத்தச் சொல்லுமுன்னே சிவதாணு ஓடிப்போய்ச் சோலாரை அணைத்தார். தாலி நல்லபடி ஏறியது. உடனே வியர்த்து வழிந்த சனம் எல்லா ஃபேனையும் ஒன்றாகப் போட்டது. சோலாரைத் திரும்பப் போட்டால் இன்வெர்ட்டர் ஐந்து நிமிஷம் யோசிக்கும் அல்லவா? சின்ன ஜெனரேட்டர் தனியாக அத்தனையையும் இழுக்க முடியாமல் இருமி இருமி நின்றது. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் இலையை விசிறியாக்கினார்கள். ஒருவர் சிவதாணுவைக் கூப்பிட்டு, "வே, வெயில்ல கரண்ட் எடுக்கீரோ, இல்ல எங்களையே பொரிக்கீரோ?" என்று கேட்டார்.

ஆவணியில் அவருடைய தங்கை ஆவுடைத்தாயின் மகள் ரெம்யாவுக்கு அதே மண்டபத்தில் கல்யாணம். ஆவுடைத்தாயின் கணவர் இறந்து வெகுநாளாயிற்று. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் தாய்மாமனான சிவதாணுதான்.

"அண்ணே, வேற மண்டபம் பாப்போம். எம்பிள்ளை தாலி இருட்டுலதான் ஏறணும்னு விதியா?" என்றாள் ஆவுடைத்தாய்.

"ஏறாது. நான் பாத்துக்கிடுதேன்."

"கரண்ட் போச்சுன்னா நான் சூரியனை ஏசமாட்டேன், கேட்டியா? உன்னைத்தான் ஏசுவேன்."

அவர் மண்டபத்தில் தனியாக உட்கார்ந்து யோசித்தார். ஃபேன் நிற்கும்போது மிஞ்சுகிற மின்சாரத்தைத் தின்ன ஏதாவது வேண்டும். சத்தம் போடாமல் தின்ன வேண்டும். மணமகள் அறைக் குளியலறையில் பெரிய கீசர் ஒன்று இருந்தது. தங்கப்பனை வைத்துக்கொண்டு ஒரு வெறும் நாளில் சோதித்தார். கீசரைப் போட்டிருந்தால், ஃபேன்களை அணைத்தும் ஜெனரேட்டர் நிற்கவில்லை. தங்கப்பன் கை தட்டினார். சிவதாணுவுக்கோ எரிச்சலாக வந்தது. யாரும் குளிக்காத வெந்நீரைக் காய்ச்சுவதா? ஆயுசு முழுக்க அணைத்துக்கொண்டே திரிந்த மனுஷன், வேண்டாத இடத்தில் போட வேண்டியிருக்கிறதே!

கல்யாணத்தன்று, கிழக்கே எங்கோ லைன்மேல் மரக்கொம்பு விழுந்ததாம், கரண்ட் இல்லை. ஜெனரேட்டரும் வெயிலும் சேர்ந்து ஓடின. சிவதாணு கீசரைப் போட்டுவிட்டு மேடைக்குப் போனார். ஆனால் வீடியோக்காரர் மாலை மாற்றுவதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி நேரத்தைத் தின்றார். தண்ணீர் நன்றாகக் காய்ந்தால் கீசர் தானே நின்றுவிடும் என்பது சிவதாணுவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தார். சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டார். பச்சைத் தண்ணீர் உள்ளே ஏற, விளக்கு திரும்ப எரிந்தது. குழாயை அப்படியே ஓடவிட்டு மேடைக்கு வந்தார்.

மருமகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தார். தாரை வார்த்தார். ஆவுடைத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புரோகிதர் தீயைப் பார்த்து, "ஃபேன்" என்றதும் வழக்கம்போல் ஆறு பேர் ஓடினார்கள். எல்லாம் நின்றது. விளக்கு எரிந்தது, மைக் பேசியது. சிவதாணு மூச்சு விட்டார்.

அப்போது மண்டபத்தின் பின்னால் எஞ்சின் சத்தம் மாறியது. பாரம் இழுத்துக்கொண்டிருந்த உறுமல் மெலிந்து, வெறும் வண்டி ஓடுவதுபோல் ஆனது. யாரோ கீசரை நிறுத்திவிட்டார்கள். இன்னும் சற்று நேரத்தில் எல்லாம் அணையும். "இப்ப வந்திருதேன்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக்கட்டி ஓடினார்.

குளியலறையிலிருந்து பொன்னம்மை முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நீயா அடைச்சே?"

"பின்ன? சூடுவெள்ளம் சும்மா ஒழுகிட்டுக் கெடக்கு. கீசரும் அணைக்காம வெச்சிருக்கு. எவளோ கூறுகெட்டவ."

அவர் அவளைத் தள்ளாத குறையாக உள்ளே போய் சுவிட்சைப் போட்டார், குழாயை முழுக்கத் திறந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் எஞ்சின் திரும்ப உறுமியது.

"உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு? அங்க தாலி கட்டப் போறாங்க. வாங்க."

"நீ போ. நான் வந்தா இன்னொருத்தி வந்து அடைப்பா."

"வெள்ளம் வீணாப் போகுதே."

"போகட்டும்" என்றார் சிவதாணு. வாழ்நாளில் அந்த வார்த்தையைத் தண்ணீரைப் பார்த்து அவர் சொன்னதில்லை. பொன்னம்மை அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

கெட்டிமேளம் கொட்டியது. மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து சிவதாணுவுக்கு ஒன்றும் தெரியவில்லை. காலடியில் வெந்நீர் ஓடிச் சாக்கடைத் துளையில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஃபேன்கள் திரும்பச் சுற்றுகிற சத்தம் கேட்ட பிறகுதான் குழாயை அடைத்து, கீசரை அணைத்துவிட்டு வெளியே வந்தார். யாரும் எதையும் கவனித்திருக்கவில்லை. தாலி கட்டுகிற நேரத்தில் தாய்மாமன் குளிக்கப் போய்விட்டார் என்று மாப்பிள்ளை வீட்டில் பேசிக்கொண்டார்கள். ஆவுடைத்தாய் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீடியோ சிடி வந்ததும் ஆவுடைத்தாயின் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தார்கள். தாலி கட்டும் இடம் வந்தது. மணப்பெண்ணுக்குப் பின்னால், அவர் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதற்கு மேலே சரவிளக்குகள் ஒன்றுகூடக் கண்சிமிட்டாமல் நின்று எரிந்தன. சிவதாணு ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டி அந்த இடத்தைத் திரும்பப் போட்டார். பிறகு இன்னொரு தடவை போட்டார்.

ஆவுடைத்தாய் ரிமோட்டை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"லைட்டைப் பாத்தது போதும் அண்ணே. இப்பமாவது பிள்ளையப் பாரு."