மரை நின்ற ஓடைக்கரை

சனிக்கிழமை காலை கடையில் மாவு நிறுத்துக்கொண்டிருந்தேன். டயகம தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வந்த மாரியாயி, "மொதலாளி, முத்தையா அண்ணன் போயிட்டாருங்க. நெஞ்சுச்சளி," என்றாள். தராசை அப்படியே விட்டுவிட்டேன்.

அவரோடு பழகிய தோட்டத்து ஆட்களே, உங்களுக்குத் தெரியும். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் வேட்டைக்குப் போனால் தடம் பார்த்து முன்னே நடப்பவர் அவர்தான். எனக்கும் அந்தப் பைத்தியம் இருந்தது. துவக்கைத் தோளில் போட்டால்தான் ஆம்பிளை என்று திரிந்தவன் நான். தேயிலை விலை விழுந்து தோட்டத்தில் பலரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய வருடம், "துவக்கை வீட்டுல வச்சுட்டு வாங்க, ஒண்ணு காட்டுறேன்," என்று முத்தையா என்னைக் கூட்டிப்போனார். காட்டு ஓடையில் பெரிய கொம்புள்ள மரைமான் ஒன்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. மூச்சுவிடாமல் பார்த்தோம். "சுட்டா ஒரு நாள் கறி. சும்மா பாத்தா நாளைக்கும் இருக்குமுங்க," என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதன்பின் ஞாயிறுதோறும் போனோம். துவக்கை நான் தொடவே இல்லை.

காட்டுக்குள் நுழையுமுன் ஐயனாருக்கு இலைக்கொப்பு ஒன்று முறித்துத் தொங்கவிடுவது வழக்கம். "வாசல்ல ஒண்ணு போதுமுங்க," என்பார். நான் பயந்தாங்கொள்ளி. சிறுத்தைக்குப் பயந்து, அவர் முன்னே நடக்க, அவருக்குத் தெரியாமல் திருப்பத்துக்குத் திருப்பம் ஒன்று தொங்கவிட்டேன்.

ஒருநாள் தோட்டத்துத் துரையின் ஆட்கள் அந்தக் கொப்புகளைப் பிடித்தே ஓடைக்குப் போனார்கள். வேட்டை நாய்கள் மரையைத் தண்ணீரில் மறித்தன. துரை கத்தியால் முடித்தார். நாய்க்காரன் கடைக்கு வந்து, "எவனோ நமக்கு வழி போட்டு வச்சிருந்தான் மொதலாளி," என்று சிரித்தான்.

முத்தையா தன்னையே நொந்துகொண்டார். துரை பங்களா சமையற்காரனிடம் அந்த மரையைப் பற்றி ஒருநாள் பெருமையாகப் பேசிவிட்டாராம். "என் வாய்தாங்க அதைக் கொன்னுச்சு," என்று என் கடையில் உட்கார்ந்து அழுதார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். உண்மையைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் காட்டுப் பக்கம் போகவுமில்லை, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவுமில்லை.

குழியில் மண் போடும்போது உங்களில் ஒருவர், "பாவம், மரையைக் காட்டிக் குடுத்துட்டு அந்த ஏக்கத்துலயே போயிட்டாரு," என்றார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

காட்டிக் கொடுத்தவன் நான். அவர் சுமந்த அந்தப் பழி ஒன்றுதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. இறக்கி வாங்கிக்கொள்ள இப்போது கை நீட்டுகிறேன். கொடுக்க அவர் இல்லை.