அந்தோணி சாரும் ஒரு இந்திப் படமும்

வீட்டோடு நோயாளி பார்க்கும் வேலையில், நாம் யார் என்பதை நோயாளிதான் முடிவுசெய்வார். இதே வேலையில் இருக்கும் சிஸ்டர்களுக்குச் சொல்லவே வேண்டாம். காலையில் மகளாக இருந்து மாலைக்குள் திருடியாகியிருப்பீர்கள். கள்ளிக்குப்பத்திலிருந்து வெள்ளானூருக்குப் போய் நான் ஏழு மாதம் பார்த்துக்கொண்டவர் அந்தோணி சார். ராணுவத்தில் இருந்தவர். மறதி நோய். பகலில் அவரும் மனைவி ரீட்டா அம்மாவும்தான், மகன் ஐ.டி. வேலைக்குப் போய்விடுவார்.

படம் ஓடினால்தான் சாப்பாடு

மதியம் அவருக்கு ஒரு பழைய இந்திப் படம் போட்டாக வேண்டும். கல்யாணமான புதிதில் ஜபல்பூரில் இருவரும் பார்த்த படம். பெரிய குடும்பம், ஏகப்பட்ட பாட்டு. அக்காவைப் பெண் பார்க்க வரும் கதாநாயகன், வாசலில் தங்கையைப் பார்த்து, அவள்தான் மணப்பெண் என்று நினைத்துக் காதலித்துவிடுவான். எனக்கு இந்தி தெரியாது. கதை சொன்னது ரீட்டா அம்மா.

ஒரு நாள் பாதியில் கரண்ட் போய்விட்டது. சார் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"படம் நின்னுட்டா அந்தப் பொண்ணுக்கு யாரு உண்மையச் சொல்றது சிஸ்டர்?"

பெயர்

அடுத்த வாரம், தட்டோடு வந்த ரீட்டா அம்மாவைப் பார்த்து, "வா, ஸ்டெல்லா" என்றார். அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

ஸ்டெல்லா ரீட்டா அம்மாவின் அக்கா. சார் பெண் பார்க்க வந்தது அவரைத்தான். அவர் கன்னியர் மடத்துக்குத்தான் போவேன் என்று உறுதியாக நின்றதால், தங்கையைக் கட்டிவைத்திருக்கிறார்கள். அக்கா இறந்தும் பல வருடம் ஆகிவிட்டது.

"சார், இவங்க ரீட்டாம்மா" என்று திருத்தினேன். கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டார். தரையெல்லாம் ரசம் சாதம். என்னைத் துடைக்க விடாமல் அம்மாவே குனிந்து துடைத்தார். முகத்தை நிமிர்த்தவே இல்லை.

"இத்தனை வருஷமா இது அவர் மனசுல இருந்திருக்கு, பாத்தியா?"

அக்காவாக

இனிமேல் அந்தப் படத்தைப் போடாதே என்றார் அம்மா. போடவில்லை. இரண்டு நாள் சார் ஒரு வாய்கூட வாங்கவில்லை. மூன்றாம் நாள் அம்மாவே படத்தைப் போட்டு, தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தார். "ஸ்டெல்லா" என்று சார் கூப்பிட்டதும், "ம், சொல்லுங்க" என்றார். சார் முழுவதும் சாப்பிட்டார்.

பிறகு அம்மா சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார். "நீங்க குந்துங்கம்மா, நாளையிலிருந்து நானே ஊட்டுறேன்" என்றேன்.

"வேணாம். அவருக்குப் பசி ஆறணும். எந்தப் பேர்ல ஊட்டினா என்ன?"

பாதிச் சாப்பாட்டில்

இப்படியே ஒரு மாதம் ஓடியது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர் வாயை மூடிக்கொண்டு, அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். புரை ஏறிவிட்டதோ என்று ஓடினேன். அவர் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ரீட்டா எங்க?"

"உள்ள இருக்காங்க சார்" என்றேன் நான். அவர் தட்டை அம்மா பக்கம் நகர்த்திவிட்டு, ரகசியம் போலச் சொன்னார்:

"நான் சாப்பிடாம அவ சாப்பிட மாட்டா, இத அவளுக்குக் குடு. நீ மடத்துக்குப் போனதாலதான் ஸ்டெல்லா, அவ எனக்குக் கெடச்சா. உனக்கு நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்தேன்."

நோயாளியின் ரத்த அழுத்தத்தை எப்படிக் குறிப்பது என்று எங்களுக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்தார்கள். இந்த மாதிரி நேரத்தில் சிஸ்டர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று மட்டும் எந்தப் பயிற்சியிலும் சொல்லவில்லை.