சட்னிக்குக் கொடுத்த தேங்காய்

மூன்று வருடம் இருக்கும். வைகாசி மாதம், ஆற்றில் இன்னும் தண்ணீர் வராத சமயம். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்ன ஊரில் அம்மன் வீதியுலா நடந்த மாலை அது.

எங்கள் தெருவில் கடைசி வீடு எங்களுடையது. அதைத் தாண்டித் திரும்பினால் பள்ளிவாசல் தெரு. அந்த முனையில்தான் லாத்தாவின் தையல் கடை. லாத்தா என்றால் அக்கா. அவர்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், எனக்கும் அதுவே பழகிவிட்டது.

அதற்கு முந்தைய வருடம் அம்மன் பள்ளிவாசலைக் கடக்கும்போது தொழுகை நேரமாகிவிட்டது. மேளத்தை நிறுத்து, நிறுத்த முடியாது என்று வாய்த்தகராறு. எங்கிருந்தோ ஒரு கல் வந்தது. யார் எறிந்தது என்று இன்றுவரை தெரியாது. லாத்தா கடையின் கண்ணாடி நொறுங்கியது. அதன்பிறகு தினமும் பார்த்துச் சிரித்தவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் லாத்தாவின் வீட்டுக்காரர், "இன்னொரு தடவை இப்படி நடந்தா, கடையை மூடிட்டு உங்கம்மா ஊருக்குக் கிளம்பு" என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து, இரண்டு தெருப் பெண்களுக்கும் சேர்த்து சமாதானப் பயிற்சி, தலைமைப் பயிற்சி என்று ஆரம்பித்தார்கள். மகளிர் குழுவில் யாரும் முன்வராததால் என்னையும் தள்ளிவிட்டார்கள். நான் பத்தாவதோடு நின்றவள். நாலு பேர் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். மைக்கைக் கையில் கொடுத்ததும் ஊமை மாதிரி நின்றேன்.

"ஏன் புள்ள, மைக் என்ன கடிக்கவா போவுது?" என்றார் பக்கத்தில் இருந்த லாத்தா.

"கடிச்சாகூடத் தேவலை லாத்தா, எல்லாரும் என்னையே பாக்குறாங்களே!"

கூடமே சிரித்தது. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவோம். பயிற்சி முடியும்வரை நான் மைக்கில் பேசவே இல்லை, அது வேறு விஷயம்.

அடுத்த வருட வீதியுலாவில் மாலைத் தொழுகைக்கு முன்பே அம்மன் பள்ளிவாசலைக் கடந்துவிட வேண்டும் என்று இரண்டு பக்கமும் பேசி முடிவாகியிருந்தது. ஆனால் அம்மன் வந்த டிராக்டரில் ஜெனரேட்டர் பழுதாகி, வழியிலேயே நேரம் போய்விட்டது. ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் வரும்போது வெளிச்சம் மங்க ஆரம்பித்துவிட்டது.

லாத்தா போன் பண்ணினார். "தொழுகைக்குப் பாங்கு சொல்லப் போறாங்க புள்ள. இங்க பயலுவ பள்ளி வாசல்ல கூடி நிக்கிறானுவ. உங்க ஆளுங்களைக் கொஞ்சம் நிறுத்திவைக்க முடியுமா?"

நானா? ஊர்வலத்துக்கு முன்னால் என் கொழுந்தன்தான் வந்துகொண்டிருந்தான். "யாருக்கும் நாம காத்திருக்க வேணாம், போய்க்கிட்டே இருங்கடா" என்று அவன் கத்துவது வீட்டுக்குள் கேட்டது. அவனிடம் போய் என்ன பேசுவது? பயிற்சியில் சொல்லித்தந்த ஒரு வார்த்தையும் ஞாபகம் வரவில்லை. எதிரே பூஜைக்கு எடுத்துவைத்திருந்த தேங்காய்த் தட்டு மட்டும் கண்ணில் பட்டது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அர்ச்சனைத் தட்டோடு நிற்கிற வீட்டை அம்மன் தாண்டிப் போகமாட்டாள். அர்ச்சனை முடியும்வரை மேளமும் அடிக்க மாட்டார்கள். தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

டிராக்டர் நின்றது. மேளம் நின்றது. பூசாரி, "பேரு, நட்சத்திரம் சொல்லும்மா, சீக்கிரம்" என்றார். வீட்டுக்காரரில் ஆரம்பித்தேன். மகன், மகள், மாமியார், கட்டிக்கொடுத்த நாத்தனார், அவள் பிள்ளைகள் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனேன். அந்த அமைதியில் பாங்கு சத்தம் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

கொழுந்தனுக்குப் புரிந்துவிட்டது. "அண்ணி, என்ன வேலை பாக்குறீங்க?" என்று பல்லைக் கடித்தான். சட்டென்று அவன் பெயரையும் நட்சத்திரத்தையும் பூசாரியிடம் சொன்னேன். தன் பெயருக்கு அர்ச்சனை நடக்கும்போது எப்படிக் கத்துவான்? கையைக் கூப்பிக்கொண்டு நின்றான்.

அதற்குள் எதிர்வீட்டுக்காரி தட்டோடு வந்தாள். அவளும் பயிற்சிக்கு வந்தவள்தான். அடுத்து பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு. யாரும் யாரிடமும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. "இன்னிக்கு என்னம்மா உங்க தெருவுக்கு இவ்வளவு பக்தி?" என்று பூசாரி அலுத்துக்கொண்டார்.

கடைசியில் தேங்காய் தீர்ந்துவிட்டது. தொழுகை இன்னும் முடியவில்லை. வெறும் தட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று உள்ளே ஓடினேன். கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால், லாத்தா! கையில் ஒரு பை, பை நிறைய உரித்த தேங்காய். "முனையிலேர்ந்து பாத்தேன், தேங்காய் தீரப் போவுதுன்னு தெரிஞ்சுது. வாசல்ல நின்ன பயலுவளை உள்ள போய்த் தொழுங்கடான்னு விரட்டிட்டு வரேன். உங்க ஆளுங்க நிக்கிறதைப் பாத்ததும் அவனுவளும் போயிட்டானுவ" என்றார், மூச்சு வாங்க.

தேங்காயைப் பார்த்துத் தயங்கினேன். "லாத்தா, இது பூஜைக்கு... உங்களுக்கு ஆகாதே."

"நான் உன் வீட்டு சட்னிக்குக் குடுக்குறேன். அதை நீ என்ன பண்ணினா எனக்கென்ன? போ புள்ள, நிக்காதே!"

அந்தத் தேங்காயில் இன்னும் சில அர்ச்சனைகள் நடந்தன. கடைசி அர்ச்சனைக்கு யார் பெயர் என்று பூசாரி கேட்டபோது என் வாயில் வந்தது, "ஊர் பேருக்கு." கொஞ்ச நேரத்தில் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். அம்மன் அவர்களைக் கடந்து போனபோது பெரியவர்கள் சிலர் வழிவிட்டு ஓரமாக நின்றார்கள். கொழுந்தன் அவர்களில் ஒருவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்ததை நான் பார்த்தேன். கல் எதுவும் வரவில்லை. லாத்தா கடையின் புதுக் கண்ணாடியில் அம்மனின் விளக்கு வெளிச்சம் பட்டு நகர்ந்து போனது.

பையில் ஒரு தேங்காய் மிஞ்சியிருந்தது. மறுநாள் காலை அதைத் துருவி சட்னி அரைத்து, சூடான இட்லியோடு தையல் கடைக்கு எடுத்துப்போனேன். "நீங்க சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன் லாத்தா, சட்னிதான்" என்றேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு பத்தல" என்றார். பிறகு இருவரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

எனக்கு இன்றும் மைக் என்றால் பயம்தான். ஆனால் காலையில் முனைக்கடை ஷட்டரை லாத்தா தூக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம், பேசத் தெரியாதவளுக்கும் ஊருக்காகச் செய்ய ஒரு வேலை இருக்கிறது, அதைச் செய்ய வாசல்வரை வந்து நின்றால் போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.