வருஷத்துக்குப் பன்னிரண்டு தீ

தீயணைப்பு வண்டிச் சக்கரத்து நட்டுகளைப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பது நிலையப் பொறுப்பாளரின் காலை வேலை. நிலையத்தில் அவருக்குக் கீழே இரண்டு ஆள் இருந்தாலும் அந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். நிலையத்தை ஒட்டிய வீட்டின் வாசலில் நின்று அவருடைய மனைவி கேட்பாள்: "வண்டிக்குப் பல்லு விளக்கியாச்சா? அப்படியே வீட்டு ஜன்னலுக்கும் ரெண்டு இழுப்பு இழுக்கக் கூடாதா?"

"ஜன்னல் தீயணைக்கப் போகுமா?"

"வண்டி மட்டும் போகுதாக்கும்!"

அதுதான் சிக்கல். வண்டி போவதில்லை.

போய்க்கொண்டிருந்த காலமும் உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன் இந்தக் கிராமத்தில் காற்றடித்த ஒரே மதியத்தில் பதினோரு வீடுகள் எரிந்தன. நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த நகரத்திலிருந்து தீயணைப்பு வண்டி ஒன்றரை மணி நேரத்தில் மின்னலாக வந்து சேர்ந்து, சாம்பலை நன்றாகக் குளிப்பாட்டிவிட்டுப் போனது. பத்திரிகைக்காரர்கள் படம் பிடித்துவிட்டதால் வேறு வழியில்லாமல் அரசாங்கத்துக்குக் கருணை பிறந்தது. 'கிராமப்புறத் தீயணைப்புச் சேவை விரிவாக்கம்' என்று பலகை எழுதினார்கள். பலகையை மாட்டக் கொட்டகை, கொட்டகையில் நிறுத்த ஒரு வண்டி, வண்டிக்குப் பொறுப்பாக இவர்.

முதல் வருஷம் முப்பத்தொரு அழைப்பு. வேறொருவராக இருந்தால் போய் அணைத்துவிட்டு வந்து காலை நீட்டியிருப்பார். இவருக்கு அது ஆகாது. ஒவ்வொரு தீயும் எங்கே பிடித்தது, எப்படிப் பிடித்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு வீடு வீடாக இறங்கினார். அடுப்புக்கு மேலே கொடி கட்டித் துணி காயப்போடாதே, வைக்கோல் போரைச் சுவரை விட்டுத் தள்ளிப் போடு, வாசலில் ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் வை. பெண் பார்க்க வந்தவர்கூட அப்படி அடுப்படியை எட்டிப் பார்த்திருக்க மாட்டார். ஊர் அவருக்கு 'வாளி' என்று பெயர் வைத்தது. "வாளி வர்றாருடி, அந்தத் துணிய எடு" என்று தெருமுனையிலேயே குரல் கிளம்பிவிடும்.

முப்பத்தொன்று பதினான்கானது. பதினான்கு ஆறானது. போன வருஷம் இரண்டு. அதிலும் ஒன்று, கிணற்றில் விழுந்த மாடு.

அதற்குப் பரிசாகத்தான் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வருஷத்துக்குப் பன்னிரண்டு அழைப்புக்குக் குறைந்தால் அந்த நிலையம் தேவையற்றதாம். வண்டியை நகரத்துக்கு மாற்றுவதுபற்றி முடிவு செய்ய அதிகாரி நேரில் வருவாராம். நகரத்தில் ஏற்கெனவே இருக்கும் மூன்று வண்டிகளும் சும்மா நிற்கவில்லை என்பது உண்மைதான். அமைச்சர் வரும் தெருக்களுக்கெல்லாம் தண்ணீர் தெளிக்க வேண்டாமா?

அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவி டீக்கடைக்காரியிடம் மட்டும் சொன்னாள். ஊருக்கே சொல்ல அதைவிடச் சுருக்கு வழி கிடையாது.

மறுநாளே முடிதிருத்துபவர் வந்து நின்றார். "அண்ணே, என் பழைய கொட்டகை சும்மாதான் நிக்குது. ஒரே ஒரு குச்சி. நீங்க வந்து அணைச்சிருங்க. கணக்குக்கு ஒண்ணு ஆச்சுல்ல?"

"யோவ், கொளுத்தினே, நானே புடிச்சுக் குடுப்பேன்."

"ஊருக்கு வண்டி வேணுமா வேணாமா?"

"வேணும். அதுக்காக ஊரையே கொளுத்துவியா?"

முடிதிருத்துபவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். ஊர் கூடி வேறு வழி யோசித்தது.

அதிகாரி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததுதான் தாமதம், தொலைபேசி அலறியது. எடுத்தால் டீக்கடைக்காரி. "ஐயா, இங்க எரியுது, சீக்கிரம் வாங்க!" என்ன எரிகிறது என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். வண்டி பறந்தது. அதிகாரியும் ஏறிக்கொண்டார். போய்ப் பார்த்தால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"பொய் சொல்லலயே," என்றாள் அவள். "அடுப்புதான் எரியுதுன்னு சொல்ல வாயெடுத்தேன், கை தவறி வச்சுட்டேன்."

அன்று மதியத்துக்குள் ஒன்பது அழைப்பு. ஒன்பது வீட்டிலும் அடுப்பு எரிந்தது. துணி ஒன்றும் பக்கத்தில் இல்லை. வாசலில் இரண்டு வாளி. எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தபடி. அவருக்குப் பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

அதிகாரி மட்டும் உண்மையாகவே அசந்துபோனார். இப்படி ஓர் ஊரை அவர் பார்த்ததே இல்லையாம். உடனே எழுதினார்: மக்களின் விழிப்புணர்வு மிகச் சிறப்பு, ஆகவே வண்டி தேவையில்லை. பொய் அழைப்பு ஒன்பதுக்கும் பொறுப்பாளர் விளக்கம் தர வேண்டும். பொறுப்பாளருக்குப் பாராட்டுச் சான்றிதழும் தரலாம்.

"சார்," என்றார் இவர், "நான் வாரா வாரம் சுத்துறதாலதான் இப்படி இருக்கு. நானும் வண்டியும் போயிட்டா ஒரு கோடை தாங்காது. அன்னைக்கு மாதிரி காத்தடிச்சா வாளி என்ன செய்யும்?"

"எரிஞ்சதைக் காட்டுங்க, எழுதுறேன்."

"எரியாம இருக்கிறதை உங்க படிவத்துல எந்தக் கட்டத்துல எழுதறது?"

"அதுக்குக் கட்டம் இல்லீங்களே," என்றார் அதிகாரி, மெய்யான வருத்தத்தோடு. நல்ல மனிதர். டீயைக்கூட மிச்சம் வைக்காமல் குடித்தார்.

இருபது நாளில் உத்தரவு வந்தது. வண்டி நகரத்துக்கு, வண்டியோடு அவரும். உத்தரவில் அதற்கு 'சேவை மேம்பாடு' என்று பெயர். அவர் கடைசியாக ஒரு முறை எல்லாத் தெருவும் சுற்றி, மூன்று வைக்கோல் போர்களைத் தள்ளிப் போடச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி அடுப்படியில் பாத்திரங்களைச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் கயிற்றை எடுத்துக் கொடுத்தார். அவள் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்:

"போற எடத்துலயாவது வருஷத்துக்குப் பன்னண்டு வீடு எரிய விடுவீங்களா?"

அவர் சாக்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அடுப்படியை விட்டு வெளியே போனார்.