களைப்பு என்று ஒரு காரணம்

குருநகரில் ஓர் ஐஸ் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, சனிக்கிழமைகளில் மருதனார்மடத்துக்கு நிரலாக்கம் படிக்கப் போனேன். வீட்டில் அம்மா படுத்த படுக்கை. வகுப்பில் அரைவாசி நேரம் எனக்குக் கண் சொருகும்.

எங்கள் முதற் பயிற்சி, லீவு கேட்கும் ஒரு சின்னச் செயலி. ஊழியர் விண்ணப்பிப்பார், முகாமையாளர் அனுமதிப்பார், ஊழியருக்குப் பதில் போகும், அவ்வளவுதான். பல தடவை பிழை காட்டிவிட்டு அன்று ஒருவழியாக ஓடியது. காரணம் கேட்ட இடத்தில் யோசிக்காமல் 'களைப்பு' என்று தட்டினேன். 'அனுமதிக்காகக் காத்திருக்கிறது' என்றது திரை. நானும் காத்திருந்தேன்.

என்னைவிட இளையவரான ஆசிரியை பின்னால் வந்து நின்றார்.

"அக்கா, ஆரைப் பாத்துக்கொண்டிருக்கிறியள்?"

"மனேஜரை."

"உதிலை மனேஜரும் நீங்கள்தானே. வெளியிலை வந்து, மனேஜராய்த் திரும்ப உள்ளுக்குப் போங்கோ."

அப்படியே செய்தேன். என் விண்ணப்பம் அங்கே கிடந்தது. வேறு யாரோ எழுதியதைப் போல அந்தக் காரணத்தை வாசித்தேன். பாவமாக இருந்தது. அனுமதித்தேன்.

"ஓம், வேலை செய்யுது," என்றார் ஆசிரியை. "இனி நிராகரிச்சும் பாருங்கோ. அந்தப் பாதையும் சரியோ எண்டு பாக்கவேணும்."

அதே காரணத்தைத் திரும்பவும் தட்டி, நிராகரித்தேன். அதுவும் ஒரு பிழையுமில்லாமல் ஓடியது.